உள்வீதி வேலை: ஒப்பந்தகாரரிடமா, கிராம அபிவிருத்திச் சங்கத்திடமா?

கிளிநொச்சி மாவட்டத்துப் பிரதேச சபையொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தபோது, ஒரே ஆண்டில் இரண்டு கொங்கிறீற்று உள்வீதிகளை மேற்பார்வை செய்தேன். ஒன்றைக் கேள்விப்பத்திரம் கோரி ஒப்பந்தகாரரிடமும், மற்றதை மக்கள் ஒப்பந்தமாகக் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் கொடுத்திருந்தோம். அத்தகைய வேலை மீண்டும் வந்தால் சங்கத்தையே தெரிவு செய்வேன்.

வேகத்தில் ஒப்பந்தகாரரை மிஞ்ச முடியாது. கலவை இயந்திரமும் பழகிய ஆட்களும் அவரிடம் இருந்தன. பட்டியல்களும் பிழையின்றி வந்தன. சங்கமோ இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தது. கொடுப்பனவுப் படிவங்களை நிரப்பச் செயலாளருடன் நான் இரண்டு பின்னேரங்கள் இருக்க வேண்டியதாயிற்று. ஆனால் பொருளாளர் அம்மா வெற்றுச் சீமெந்துப் பைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணினார். மணல் வந்த ஒவ்வொரு உழவு இயந்திரப் பெட்டியையும் நாடா பிடித்து அளந்து, 100 கன அடி சேர்ந்தால்தான் ஒரு கியூப் என்று எழுதினார். அந்தக் கணக்கை என்னால் தனியாக வைத்திருக்க முடியாது, ஏனெனில் அதே நாளில் வேறு மூன்று இடங்களில் எனக்கு வேலை இருந்தது.

எனினும் என் முடிவைத் தீர்மானித்தது வீதியின் ஓரக்கரைதான். நிதியாண்டு டிசெம்பர் 31 இல் முடிவதால், ஒதுக்கீடு பிந்தி வந்தால் வேலையின் கடைசிக் கட்டம் வடகீழ்ப் பருவமழையோடு மோதுகிறது. கொங்கிறீற்றை எப்படியோ முடித்துவிடுவார்கள்; இருபக்கமும் போடும் கிரவலை இறுக்காமல் விட்டுவிடுவார்கள். முதல் பெருமழையில் அது கரைந்து, தட்டின் விளிம்புக்கு அடியில் பொந்து விழும். பிறகு நெல் ஏற்றிய உழவு இயந்திரம் விலகிக்கொடுக்க ஒரு சில்லை இறக்கினால் விளிம்பு உடையும். ஒப்பந்தகாரரின் வீதியில் இதுவே நடந்தது. குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்கென, அதாவது முடித்த வேலையில் தெரியும் பழுதை ஒப்பந்தகாரரே திருத்த வேண்டிய காலத்துக்கெனப் பிடித்து வைத்திருந்த பணம் சபையிடம் இருந்தும், கடிதம் போய்ப் பதில் வந்து ஆட்கள் வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. சங்கத்தின் வீதியிலும் கரை அரித்தது. ஆனால் அங்கு குடியிருப்பவர்கள் மறுநாளே மண் மூட்டைகளை அடுக்கி, மதகின் வாயில் அடைத்திருந்த சருகையும் இழுத்துப் போட்டார்கள். எவரும் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை.

இதற்காக எல்லாச் சங்கங்களையும் நம்பிவிடலாகாது. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வேலையை ஒப்பந்தகாரரிடம் கைமாற்றும் சங்கங்களும் உண்டு. அங்கே இரு முறைகளின் குறைகளும் சேர்ந்தே கிடைக்கும். வேலைத்தளத்தில் மேசனிடம் சம்பளம் யார் தருகிறார் என்று கேட்டால் பெரும்பாலும் விடயம் தெரிந்துவிடும். பாலம், மாடிக் கட்டடம் போன்றவற்றைச் சங்கத்தின் மூலம் செய்வித்த அனுபவம் எனக்கில்லை. கம்பி வேலை மிகுந்த இடத்தில் பதிவு பெற்ற ஒப்பந்தகாரரையே நாடுவேன்.

யாரிடம் கொடுத்தாலும், இப்போது மதிப்பீட்டில் ஓரக்கரைக் கிரவலையும் அதன் மேல் புல் பதிப்பதையும் தனி உருப்படியாகவே எழுதுகிறேன். கரையை இறுக்கி அளந்து காட்டாத வரை அந்த உருப்படிக்குக் கையொப்பம் இடுவதில்லை.