தற்காப்புக்கு முதலில் எதைக் கற்பது: அடிமுறையா, கராத்தேயா, பாக்ஸிங்கா, ஜூடோவா?

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் ஆசான்மாருக்கும் பஞ்சமில்லை, கராத்தே வகுப்புகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் வேலை முடித்து, தம்பானூரில் பஸ் பிடித்து இருட்டிய பிறகு ஊர் வந்து இறங்கும் ஒரு பெண், ‘எதில் சேர்ந்தால் ஆறு மாதத்துக்குள் கைகொடுக்கும்?’ என்று கேட்டால், ஊர்ப் பெருமையைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: விட்டுக்கொடுக்காத ஆளோடு மோதிப் பழகும் வாய்ப்பு எத்தனை சீக்கிரம் கிடைக்கிறது?

அடிமுறை இந்த மண்ணின் சண்டைக்கலை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் தெக்கன் களரி என்று சொல்வதும் இதன் குடும்பம்தான். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆசான், சீடர் உறவு அதன் பிறகும் எல்லையை ஒட்டிய பாறசாலையோடு நின்றுவிடவில்லை. ஒற்றைச்சுவடு என்னும் தனியாள் பயிற்சியில் கற்றுத்தரும் கால்வைப்பு அருமையானது. அடி வரும் நேர்கோட்டிலிருந்து விலகி, அதே அசைவில் எதிராளியின் பக்கவாட்டுக்குப் போய்விடலாம். பூட்டுகளும், அதாவது பிடி போடுவதும் பிடியிலிருந்து விடுபடுவதும், அப்படியே. மணிக்கட்டைப் பிடித்தவனின் பெருவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி உருவினால் பிடி தளரும், ஏனென்றால் பிடியில் பலவீனமான இடம் அதுதான்.

சிக்கல் வர்மத்தில்தான், அதாவது உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தாக்குவதில். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 சொல்வார்கள். விரலளவு இடத்தில் குறி தப்பாமல் தட்ட வேண்டும். பயத்தில் கை நடுங்கும்போது, அசைந்துகொண்டே இருக்கும் ஆளிடம், அரை இருட்டில், புதிதாகக் கற்றவருக்கு அது வாய்க்காது. நல்ல ஆசான்மார் குணம் பார்த்துக் கடைசியில்தான் வர்மம் கொடுப்பார்கள். அது நியாயமும்கூட. ‘மூணே மாசத்தில் வர்மம்’ என்று பலகை வைத்திருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வடகேரளத்து வடக்கன் களரியில் மெய்த்தாரி (உடற்பயிற்சி), கோல்தாரி (கம்பு), அங்கத்தாரி (வாள் போன்ற உலோக ஆயுதங்கள்) எல்லாம் முடிந்துதான் வெறுங்கை முறை. உடம்பு வில்லாய் வளையும்; ஆனால் நமக்கு அவசரமாக வேண்டியது கடைசிப் பாடமாக இருக்கிறது. சிலம்பம் தூரக்கணக்கை நன்றாகக் கற்றுத்தரும். கம்போடு பஸ் ஏற முடியாது என்பதுதான் குறை.

கராத்தே முழுக்க வகுப்பைப் பொறுத்தது. வருசக்கணக்கில் கட்டா (எதிராளி இல்லாமல் செய்யும் அசைவு வரிசை) மட்டும் செய்து பெல்ட் நிறம் மாற்றிக்கொண்டிருக்கும் இடங்கள் நிறைய. புள்ளிக்காக இருவர் மோதும் குமித்தே என்னும் போட்டியில் அடி பட்டதும் நடுவர் நிறுத்துவார், அந்த நிறுத்தம் உடம்பில் பழக்கமாகிவிடும். டேக்வாண்டோவின் உதைகள் வேகமானவை. ஆனால் போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது என்பதால் முகத்தைக் கையால் காக்கும் பழக்கம் குறைவு. நெரிசலான பஸ்ஸுக்குள் காலைத் தூக்கவும் இடமிருக்காது.

பாக்ஸிங்கில் கற்க வேண்டியது கொஞ்சம்தான்: நாலைந்து குத்து, கால் நகர்வு, தலையை விலக்குவது. அதையே தினமும் செய்வார்கள். தாடையைத் தோளுக்குள் இறக்கி, கைகளைக் கன்னத்தோடு வைத்து, வரும் குத்தைக் கண் மூடாமல் பார்க்கப் பழக்குவார்கள். சில மாதங்களிலேயே கிளவுஸ் மாட்டி எதிரே ஓர் ஆளை நிறுத்திவிடுவார்கள். அடி வாங்கியும் மூளை உறையாமல் இருப்பது அங்கே கிடைக்கும் பெரிய சொத்து. ஒரு எச்சரிக்கை: கிளவுஸ் இல்லாத முஷ்டியால் மண்டையில் குத்தினால் உடைவது நம் கையெலும்பு. வெளியே உள்ளங்கையின் அடிப்பகுதிதான் பாதுகாப்பு.

ஜூடோ கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1882இல் கானோ ஜிகோரோ உருவாக்கியபோதே முழு பலத்தோடு பிடித்து இழுத்துப் பழகுவதை மையமாக வைத்தார். முதல் பாடமே விழுவது: தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் தரையை அறைந்து, பின்மண்டை தரையில் படாமல் விழ வேண்டும். தெருச்சண்டையில் உயிர் போவது பல நேரம் குத்தினால் அல்ல, விழுந்து தலை தரையில் மோதுவதால். பைக்கிலிருந்து விழுந்தாலும் இந்தப் பாடம் உதவும்.

கிராவ் மகா என்னும் இஸ்ரேலியத் தற்காப்பு முறைக்குப் பயிற்சி நல்ல இடத்தில் கிடைத்தால் சரி. ஒரே நாள் முகாமோடு நிறுத்தினால் கையில் தங்காது. கேரள போலீஸ் பெண்களுக்கு இலவசமாக நடத்தும் தற்காப்புப் பயிற்சி, கேரளப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு நல்ல தொடக்கம்.

ஆக, என் வரிசை இதுதான்: முதல் ஆறு மாதம் பாக்ஸிங் அல்லது ஜூடோ, எது வீட்டுக்குப் பக்கமோ அது. அப்புறம் அடிமுறை. பொறுமையாக வருசக்கணக்கில் கற்க அதைவிட நிறைவான கலை இந்தப் பக்கம் இல்லை. பக்கத்தில் கராத்தே மட்டும்தான் என்றால், நிஜமாகத் தொட்டு மோதவைக்கும் வகுப்பாகத் தேடுங்கள்.

எதைக் கற்றாலும் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் அடிக்க அனுமதி இல்லை. கீழே விழுந்தவனை மிதித்தால் வழக்கு நம்மேல் திரும்பும். கத்தியைப் பார்த்தால் எந்தக் கலையும் வேண்டாம், பையை எறிந்துவிட்டு வெளிச்சமும் ஆளும் உள்ள பக்கம் ஓடி, 112க்கு அழையுங்கள்.