அலுமினியப் படகுக்கு எந்த வர்ணம்?

திருகோணமலைக் கரையில் நிற்கும் சிறு படகுகளில் பெரும்பாலானவை பைபர் கிளாஸ். அதனால் பக்கத்து வள்ளக்காரர் சொல்லும் வர்ண யோசனையும் பைபர் கிளாஸுக்கு உரியதுதான். அதைக் கேட்டு என் பதினான்கு அடி அலுமினியப் படகை நான் இரண்டு முறை கெடுத்திருக்கிறேன்.

முதல் முறை, கேற்றுக்குப் பூசும் சாதாரண எனாமல். மலிவு, எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். நிலாவெளி மணலில் சில மாதம் இழுத்ததும் பாம்புச் சட்டைபோல ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து வந்தது. அடியில் வெள்ளைத் தூள். எனாமலை மட்டும் திட்டினால் பாவம். தேய்த்த அலுமினியத்தின் மேல் உடனே ஒக்சைட் படலம் மீண்டும் படிந்துவிடும். வெறும் எனாமல் அதில் பிடித்து நிற்காது. அலுமினியத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி அதன்மேல் அடித்திருந்தால் ஓரளவு தாங்கியிருக்கும். ஆனாலும் வெயிலில் மங்கும், பெற்றோல் சிந்திய இடத்தில் இளகும்.

இரண்டாவது தவறு பெரியது. பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்க, யாரோ மிச்சம் வைத்த சிவப்பு வர்ணத்தை அடிப்பகுதியில் பூசினேன். அதில் இருந்தது செம்பு ஒக்சைட். உப்புநீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அடிக்கட்டை ஓரமாக ஊசிமுனை நுழையும் குழிகள் விழுந்தன.

வர்ணத் தூளைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டும் பவுடர் கோட்டிங் கண்ணுக்கு அழகு. ஆனால் சுமார் 200 பாகை வெப்பத்தில் சுட வேண்டும்; முழுப் படகையும் எந்த அடுப்பில் வைப்பது? கழற்றி எடுக்கும் இருக்கைகளுக்குச் சரி.

என் தேர்வு எப்பொக்சி பிரைமரும் அதன்மேல் இருகலவைப் பொலியூரிதேனும். எப்பொக்சி உலோகத்தை இறுகப் பிடிக்கும், ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்புபோல் வெளுக்கும். அந்த வெயிலைப் பொலியூரிதேன் தாங்கிக்கொள்ளும். விலை எனாமலைவிட நன்றாகவே அதிகம். வர்ணத்தையும் இறுக்கியையும் கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். அதன் இறுக்கியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு என்பதால் வீட்டு முற்றத்தில் ஸ்பிரே வேண்டாம், தூரிகையும் ரோலரும் போதும். அப்போதும் திறந்த வெளியில், கையுறையோடு.

எதைப் பூசினாலும் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, பிறகுதான் தேய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிசுக்கு கீறல்களுக்குள் போய்விடும். இரும்புக் கம்பித் தூரிகையைத் தொடவே கூடாது. அதன் துகள் பதிந்து அங்கேயே துருவும் அரிப்பும் தொடங்கும். மாரியில், ஐப்பசி முதல் தை வரை, இந்த வேலையைத் தொடாதிருப்பது நல்லது. மற்ற நாட்களில் பனி உலர்ந்த பின், கச்சான் காற்று மணலைத் தூக்குமுன் முடித்துவிடலாம்.

அடிப்பகுதியை இப்போது வெறுமையாகவே விட்டிருக்கிறேன். 5083 என்ற கலப்புலோகம் போன்ற, உப்புநீரைத் தாங்கும் கடல்தர அலுமினியம், தினமும் கரையேற்றும் படகு. எதைப் பூசினாலும் மணல் உரித்துவிடும். உட்தளத்துக்கு மட்டும் பளபளப்பில்லாத வெளிர் சாம்பல். முன்பு கரும்பச்சை அடித்திருந்தேன், நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.