ஸ்னோ ப்ளோவர் கியர் பாக்ஸ்: பிரித்துச் சரிசெய்வதா, புதிதாக மாட்டுவதா?

பனியை அள்ளி வீசும் ஸ்னோ ப்ளோவரில் இன்ஜின் நன்றாக ஓடுகிறது, பனியை வெளியே வீசும் இம்பெல்லரும் சுற்றுகிறது, ஆனால் முன்னால் பனியை வாரி நடுவுக்குத் தள்ளும் திருகான ஆகர் மட்டும் பனியில் பட்டதும் நின்றுவிடுகிறது. சுழற்சியை ஆகருக்குக் கொடுக்கும் கியர் பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கி, ஆகர் பெல்ட்டைக் கழற்றி, பிரேக் கட்டையை விலக்கிவிட்டு, இம்பெல்லர் புல்லியைக் கையால் சுற்றுங்கள். ஆகர் செருகியிருக்கும் குறுக்கு ஷாஃப்ட் திரும்பி ஆகர் திரும்பாவிட்டால் முறிந்தது ஷியர் பின்தான்; ஆகரை ஷாஃப்டோடு இணைத்து, பலத்த அடி பட்டால் தான் முறிந்து பாக்ஸைக் காப்பது அது. அதை மாற்றுவது சில நிமிட வேலை. ஷாஃப்டே அசையவில்லை என்றால்தான் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது அதை ஷாஃப்டோடு பூட்டும் சிறு துண்டான கீ அறுந்திருக்கும்.

இனி மூன்று வழிகள் உண்டு. பாக்ஸைப் பிரித்து சக்கரம், பேரிங், ஆயில் சீல் மாற்றலாம். ஷாஃப்டுகளோடு வரும் புது பாக்ஸை வாங்கலாம். ஆகர், இம்பெல்லர் எல்லாம் சேர்ந்த முழு செட்டையே மாற்றலாம்.

புது பாக்ஸ் வாங்கினால் வேலை பாதியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த வழியில் போனாலும் புல்லியைக் கழற்ற வேண்டும், பக்கவாட்டு பேரிங் போல்ட்டுகளை அவிழ்க்க வேண்டும், தேவைப்பட்டால் முன்பகுதியை இன்ஜின் பகுதியிலிருந்து பிரிக்கவும் வேண்டும். அதன்பிறகு மொத்தத்தையும் முன்பக்கமாக உருவ வேண்டும். இவ்வளவும் மூன்றுக்கும் பொது. உண்மையில் நேரத்தை விழுங்குவது துரு. ஆகர் இரண்டும் ஷாஃப்டில் தளர்வாகச் சுற்ற வேண்டியவை. கிரீஸ் படாமல் விட்டால் அவை ஷாஃப்டோடு ஒட்டிப்போகும். அப்புறம் கல் மாட்டினாலும் பின் முறியாது, அந்த அடி முழுவதும் பல்சக்கரத்தின் மேல் விழும். பாக்ஸ் போனதற்கே பெரும்பாலும் இந்தத் துருதான் காரணம்.

பழைய பாக்ஸைப் பிரிக்கவும் ஆகரை உருவியாக வேண்டும். புது பாக்ஸ் வாங்கினாலும் அதே ஆகரை உருவித்தான் அதில் மாட்ட வேண்டும். அதாவது இரண்டாம் வழியில் மிச்சமாவது மேஜைமேல் செய்யும் வேலை மட்டும்தான். துருவோடு போராடுவதிலிருந்து தப்பிக்க வைப்பது மூன்றாவது வழி ஒன்றே. துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, சூடுகாட்டி, முறுக்கிப் பார்த்தும் ஆகர் அசையவில்லை என்றால் முழு செட் வாங்குவது வீண்செலவு அல்ல.

ஆகர் கழன்று வந்துவிட்டதா? அப்படியானால் நான் பிரித்துப் பார்ப்பதையே தேர்ந்தெடுப்பேன். பாக்ஸுக்குள் திருகுபோன்ற பற்கள் கொண்ட இரும்பு வார்மோடு சேரும் சக்கரம் பெரும்பாலும் வெண்கலத்தால் ஆனது. முதலில் தேயட்டும் என்றுதான் அதை மென்மையாகச் செய்கிறார்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. மஞ்சள் பொடி மின்னினால் சக்கரம் தேய்கிறது. வார்மின் பற்கள் வழவழப்பாக இருந்தால் சக்கரமும் சீல்களும் மாற்றினாலே போதும். வார்மும் சொரசொரத்துப் போயிருந்தால் புதுச் சக்கரத்தை அது சீக்கிரமே தின்றுவிடும். கூடு வெடித்திருந்தால் புது பாக்ஸ்தான்; ஒட்டுப்போட்டுப் பார்க்காதீர்கள்.

பிரிக்கிறவர்கள் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். ஒன்று, வாஷர்களின் வரிசை; கழற்றும்போதே படம் எடுத்துவையுங்கள். இன்னொன்று, கூட்டின் இரு பாதிகளுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட். சில பாக்ஸ்களில் அதன் தடிமன்தான் உள்ளே இருக்கும் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அதை எறிந்துவிட்டு வெறும் சிலிக்கான் பூசி மூடினால் ஷாஃப்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மூடியதும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, கையேடு சொல்லும் கிரீஸையோ எண்ணெயையோ சொன்ன அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

திரும்ப மாட்டும்போது மூன்று வழிக்கும் ஒரே எச்சரிக்கை. கழற்றும் முன்பே பாக்ஸின் மேல்பக்கத்தைக் குறித்துவையுங்கள். தலைகீழாக மாட்டினால் ஆகர் எதிர்த்திசையில் சுற்றும். இடது ஆகரும் வலது ஆகரும் இடம் மாறினாலோ, பனியை நடுவுக்குத் தள்ளுவதற்குப் பதிலாக ஓரத்துக்குத் தள்ளும். போல்ட்டுகளை முதலில் தளர்வாகவே போடுங்கள். இம்பெல்லர் கூட்டில் உரசாமல் சுற்றுகிறது என்று பார்த்த பின்னரே ஒவ்வொன்றாக முறுக்குங்கள்.

ஷாஃப்டில் ஒட்டாமல் காக்கும் பசையைத் தாராளமாகப் பூசி ஆகரை ஏற்றுங்கள். ஷியர் பின் துளையில் கைக்குக் கிடைத்த கெட்டி போல்ட்டைச் செருகவே செருகாதீர்கள். அந்த இயந்திரத்துக்குரிய பின்தான் போக வேண்டும். ஒவ்வொரு பருவமும் தொடங்கும்முன் பின்களை எடுத்துவிட்டு, கிரீஸ் அடித்து, ஆகர் இரண்டையும் ஷாஃப்டின் மேல் கையால் சுழற்றிவிடுங்கள்.