டிசம்பர்ல ஸ்டாஃபுக்கு என்ன குடுக்கிறது, பார்ட்டியை எங்க வைக்கிறது: திருகோணமலையில ஒரு சின்னக் கொம்பனியின்ர கணக்கு

நவம்பர் பதினஞ்சு தாண்டினா போதும், எங்கட முதலாளி என்ர மேசைக்கு முன்னால வந்து நிண்டு "அப்ப பிள்ளை, இந்த முறை என்ன செய்வம்?" எண்டு கேப்பார். நான் கணக்குப் பாக்கிற ஆள், பார்ட்டி வைக்கிற ஆள் இல்ல, ஆனா 17 பேர் வேலை செய்யிற இடத்தில எச்ஆர், ஈவன்ட், கணக்கு, தேத்தண்ணிக்குச் சீனி முடிஞ்சா ஆள் அனுப்பிறது எல்லாம் ஒரே ஆளின்ர தலையிலதான். ஏசி, ஃப்ரிட்ஜ், வயரிங் வேலை செய்யிற கொம்பனி எங்கட. டெக்னீஷியன் பொடியள் ஒன்பது பேர், டிரைவர் ரெண்டு, ஒபிஸில நாலு, கூட்டித் துடைக்க வாற அக்கா, இரவு வாச்சர் ஐயா. தமிழ் ஆக்கள், முஸ்லிம் ஆக்கள், சிங்கள ஆக்கள் மூண்டும் இருக்கு, கோயில், பள்ளிவாசல், சேர்ச், பன்சல எண்ட புத்த கோயில் நாலுக்கும் லீவு எழுதுறன். ஆறு வருசமா ஒவ்வொண்டா செய்து பாத்தாச்சு, சிலதில நல்லா வாங்கியும் கட்டியாச்சு, அதால எது எதைவிட நல்லம் எண்டு இப்ப கொஞ்சம் சொல்லலாம்.

முதல்ல கிஃப்ட். காசா சாமானா எண்டு கேட்டா எல்லாரும் காசு எண்டுதான் சொல்லுவினம், அதில பொய் இல்ல. ஆனா காசையும் ரெண்டு விதமாக் குடுக்கலாம், நாங்க ரெண்டும் செய்தம். முதல் வருசம் டிசம்பர் சம்பளத்தோட சேத்து பேங்குக்குப் போட்டம். போட்டு ரெண்டு நாளைக்குப் பிறகு ஒரு பொடியன் வந்து "அக்கா, போனஸ் எப்ப போடுவீங்க?" எண்டு கேட்டான். போட்டாச்சடா எண்டு ஸ்லிப்பைக் காட்டினா முகம் ஒரு மாதிரிப் போச்சு, ஏனெண்டா பைக் லீசிங் காசு அதிலயே வெட்டுப்பட்டுப் போச்சு, வந்ததே தெரியேல்ல. அடுத்த வருசம் பேங்குக்குப் போய் கவுன்டர்ல கெஞ்சி புது ஆயிரம் ரூவாத் தாளா எடுத்து, பேர் எழுதின கவர்ல வைச்சு, முதலாளி தன்ர கையால குடுத்தார். அதே 15,000 தான். மூண்டு ஐயாயிரம் தாள் எண்டா கவர் தட்டையாக் கிடக்கும், பதினஞ்சு ஆயிரம் எண்டா கொஞ்சம் தடிப்பு. கூட்டித் துடைக்கிற அக்கா அதைப் பிரிக்கவே இல்ல, பெருவிரலால ஒருக்காத் தடவிப் பாத்திட்டு அப்பிடியே கைப்பைக்குள்ள, அதுக்குள்ள இருந்த சின்னப் பேர்ஸுக்குள்ள, மடிச்சு வைச்சா. அண்டைக்கு விளங்கிச்சு இதுதான் வழி எண்டு.

கணக்குப் பக்கத்தையும் சொல்லிப்போட்டுப் போறன். சம்பளத்துக்கு ஈபிஎஃப் எண்ட சேமலாப நிதிக்கு ஆள் 8 வீதம், நாங்க 12 வீதம், ஈடிஎஃப் எண்ட நம்பிக்கை நிதிக்கு நாங்க 3 வீதம் எண்டு போகுது, போனஸ் அந்தக் கணக்குக்குள்ள வராது. அதால வருசக் கடைசியில ஒரு முறை போனஸ் எண்டு வவுச்சர் எழுதி, கையெழுத்து வாங்கி வைச்சா முடிஞ்சுது. சில இடங்களில அரசாங்கக் கந்தோர் மாதிரி பண்டிகை முற்பணம் குடுக்கினம், அது கிஃப்ட் இல்ல, கடன், மாசாமாசம் வெட்டுவினம். ஆக்கள் அதையும் விருப்பமா எடுப்பினம்தான், ஆனா அதைக் குடுத்திட்டு "நாங்க ஸ்டாஃபைக் கவனிச்சம்" எண்டு சொல்லுறது சரியில்ல.

இனி ஹம்பர். கடையில கூடையில வைச்சு, மேல பளபளா எண்டு பேப்பர் சுத்தி, ரிப்பன் கட்டி விக்கிறது. பாக்க வடிவு. ஆனா அவிட்டுப் பாத்தா அடியில பாதிக் கூடைக்கு வெட்டின கடதாசிதான் கிடக்கும், மேல ரெண்டு பிஸ்கட், ஒரு சொக்லட், ஒரு ஜூஸ் போத்தில், வீட்டில ஒருத்தரும் தொடாத ஒரு ஜாம். இதில நான் விட்ட பிழை வேற. மூண்டாம் வருசம் ஹம்பருக்குள்ள ரிச் கேக் ஒண்டும் சேத்து ஓடர் பண்ணினன், நல்ல கேக்தான், விலையும் சும்மா இல்ல. எங்கட சீனியர் டெக்னீஷியன், முஸ்லிம் ஆள், 'நானா' எண்டுதான் கூப்பிடுறது, அந்தப் பெட்டியைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டு, பின்னால இருந்த சின்ன எழுத்தை வாசிச்சார். பிராண்டி எண்டு கிடந்தது. ஒண்டும் சொல்லேல்ல மனுசன், சிரிச்சுக்கொண்டு பெட்டியை மெல்லமாப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டார். அவருக்குப் பிறகு மற்ற நாலு முஸ்லிம் ஆக்களும் தங்கட பெட்டியைத் திருப்பிப் பாத்தினம். எனக்கு நிலத்தைப் பிளந்து உள்ளுக்குப் போயிரலாம் போல இருந்துது. இப்ப எதை வாங்கினாலும் முதல்ல ஹலால் முத்திரை, பிறகுதான் விலை.

அதுக்குப் பிறகு நாங்களே கட்டினம். தம்பலகாமத்தில ஆள் பிடிச்சு அரிசி 5 கிலோ, 400 கிராம் பால்மா ஒண்டு, பருப்பு, சீனி, தேங்காயெண்ணெய், ஒரு பெட்டி பேரீச்சம்பழம். கூடை இல்ல, நல்ல துணிப்பை. கடை ஹம்பர் விலையில முக்கால்வாசிதான் முடிஞ்சுது. ஒபிஸ் பிள்ளையள் ரெண்டு பேர் "என்ன அக்கா, நிவாரணம் மாதிரி இருக்கு" எண்டு பகிடி விட்டவை, அதிலயும் ஞாயம் இருக்கு, அரிசி பருப்பைக் கிஃப்ட் எண்டு வாங்க எல்லாருக்கும் மனம் வராது. ஒரு வருசம் கிண்ணியாத் தயிர்ச் சட்டியும் பாணிப் போத்திலும் குடுத்துப் பாத்தம், அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல, சந்தோசமாக் கொண்டு போச்சினம். ஒரேயொரு கஷ்டம், பைக்ல சட்டியோட போறது. பள்ளத்தில விழுந்து எழும்பி வீட்ட போய்ச் சேரேக்க பாதித் தயிர் பையிலதான் இருக்கும்.

வவுச்சர் எண்டா சூப்பர்மார்க்கட் வவுச்சர் எனக்குப் பெருசாப் பிடிக்கேல்ல. மூதூர்ல இருந்து வாற பொடியன் அதை மாத்தப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வரோணும், மிச்சக் காசு கையில வராது, வேண்டாததை எடுத்து நிரப்போணும். ஆனா ஒரு வவுச்சர் மட்டும் காசையே விழுத்திப்போட்டுது, நான் எதிர்பாக்கேல்ல. கொப்பி புத்தகக் கடை வவுச்சர். இஞ்ச பள்ளிக்கூட வருசம் ஜனவரியில தொடங்குது எண்டா டிசம்பர் கடைசியில கொப்பி, பேக், சப்பாத்து, தண்ணிப் போத்தில் எண்டு ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு லிஸ்ட் கிடக்கும். ரெண்டு பிள்ளை இருக்கிற ஆளுக்கு அந்த மாசம் போனஸ் எவ்வளவு வந்தாலும் அங்கதான் போகும். டவுனில ஒரு கடையோட கதைச்சு, ஆளுக்கு 6,000 எண்டு எங்கட சீல் அடிச்ச துண்டு குடுத்தம், கடைக்காரர் மொத்தமா எங்களுக்கு பில் போட்டுக் கொஞ்சம் கழிச்சும் தந்தார். பிள்ளையள் இல்லாத ஆக்கள் மருமக்களுக்கு எடுத்தினம். கலியாணம் கட்டாத ஒரு பொடியன் மட்டும் துண்டைக் கொண்டுபோய் கரம் போர்ட் வாங்கிக்கொண்டு வந்தான், அது இப்ப எங்கட வேர்க்‌ஷொப்பிலதான் கிடக்குது.

கொம்பனிப் பேர் அடிச்ச சாமான்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒண்டுமில்ல. மக் வேண்டாம், எல்லா வீட்டிலயும் அலுமாரிக்குள்ள ஆறு மக் கிடக்கு. டயரி பேங்க்காரர் குடுப்பினம். டீ ஷேர்ட் எண்டா சைஸ் பிரச்சனை, அதைப் போட்டுக்கொண்டு ஏசி கழுவத்தான் போவினம். குடை மட்டும் விதிவிலக்கு. எங்கட ஊர் மழை நவம்பர் டிசம்பர்லதான், நல்ல கம்பியோட இருக்கிற பெரிய கறுத்தக் குடை குடுத்தா அண்டைக்கே பாவிப்பினம். போன கிழமையும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில எங்கட குடை ஒண்டு போகுது, கீழ யாரெண்டு பாத்தா எனக்குத் தெரியாத ஒரு பெரியம்மா.

சரி, பார்ட்டி. இதிலதான் கொழும்பைப் பாத்துக் கொப்பி அடிச்சு நாங்க கெட்டது. டிசம்பர் கடைசி, இரவு, ஹோட்டல், பஃபே, மியூசிக். உப்புவெளி நிலாவெளிப் பக்கம் அந்த நேரம் சீசன் இல்ல, கடல் குழம்பிக் கிடக்கும், வெள்ளைக்காரர் குறைவு, அதால ஹோல் விலை கேட்டா குறைப்பினம், அது உண்மையில நல்ல விசயம். ஒரு வருசம் ஆளுக்கு 4,500 படி எடுத்தம். ஏழு மணிக்குத் தொடங்கோணும், மழை, எட்டுக்குத்தான் தொடங்கினது. எட்டரைக்கு ஒபிஸ் பிள்ளையள் ரெண்டு பேர் வீட்டில இருந்து கோல் வருது எண்டு எழும்பிட்டினம், கிண்ணியாக்குப் போற ஆக்கள் பஸ் இல்லை எண்டு மணிக்கூட்டைப் பாக்கினம், வானை அனுப்ப டிரைவரைத் தேடினா அவர் மற்றப் பக்க மேசையில. மற்றப் பக்க மேசை எண்டா என்ன எண்டு உங்களுக்கு விளங்கும். போத்தில் இருக்கிற மேசை ஒண்டு, இல்லாத மேசை ஒண்டு எண்டு ஹோல் ரெண்டாப் பிரிஞ்சு, நடுவில முதலாளி தனிய நிண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டவர். ஒரு வருசம் முழுக்க ஒண்டா ஏணி பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஆக்கள், ஒரு இரவில ரெண்டு பக்கமாப் போச்சினம். காசு போனது கூட எனக்குப் பெருசில்ல, அதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருந்துது.

ட்ரிப் போவம் எண்டு பொடியள் ஒவ்வொரு வருசமும் கேப்பாங்கள். புறாத்தீவு எண்டு தொடங்குவாங்கள், நிலாவெளியில இருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், ஆனா டிசம்பர்க் கடலில போட் ஓடுறதை நம்பி குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போகேலாது. மார்பிள் பீச் குடாவுக்குள்ள இருக்கிறதால அலை குறைவு, ஆனா மழைக்கு என்ன செய்யிறது. கன்னியா வெந்நீரூற்றில ஏழு கிணறும் பாத்து முடிய ஒரு மணித்தியாலம் போதும், அதுக்குப் பிறகு? சிகிரியா எண்டா கந்தளாய், ஹபரணை றோட், இருட்டிப்போனா யானை வரும், ஈரக் கல்லில வயசான ஆக்கள் ஏறவும் ஏலாது. ட்ரிப் நல்ல விசயம்தான், ஆனா அது மே தொடக்கம் ஓகஸ்ட் வரைக்கும் உள்ள சாமான், எங்கட கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற நேரம். அதை வருசக் கடைசிக் கணக்கில போடக் கூடாது.

அப்ப மிஞ்சிறது ஒபிஸிலயே மத்தியானச் சாப்பாடு. சொல்லேக்க சப்பெண்டு இருக்கும். நாங்க செய்தது சஹன், ஒரு பெரிய தட்டைச் சுத்தி ஆறு பேர் குந்தி ஒண்டாச் சாப்பிடுறது. கிண்ணியாவில ஒரு சமையல்காரரைப் பிடிச்சு, கோழிப் பிரியாணி மூண்டு சஹன், ஆறு ஆறாக் குந்தினா 18 பேர், எங்கட 17 பேருக்கும் முதலாளிக்கும் சரி. வேர்க்‌ஷொப்பைக் கழுவிப் பாய் விரிச்சு, யார் எந்தச் சஹன் எண்டு துண்டு குலுக்கிப் போட்டம், இல்லாட்டி டெக்னீஷியன் எல்லாம் ஒரு தட்டிலயும் ஒபிஸ் எல்லாம் இன்னொரு தட்டிலயும் போய்க் குந்தியிருப்பினம். ஒபிஸ் பிள்ளையள் முதல்ல கொஞ்சம் கூச்சப்பட்டினம், அவைக்குத் தனித் தட்டும் ரெடியா வைச்சிருந்தன், ஆனா எடுக்கேல்ல. முதலாளிக்கும் கூட்டித் துடைக்கிற அக்காவுக்கும் ஒரே சஹன் விழுந்துது. அக்கா ஓரத்தில விரல் நுனியால எடுத்துக்கொண்டிருந்தா, முதலாளி தன்ர பக்கம் கிடந்த கோழித் துண்டை அவவின்ர பக்கம் தள்ளிவிட்டார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கதை வந்துது. செலவு ஹோட்டலில அரைவாசி கூட இல்ல.

ஆனா இதுக்கு நாள் பாக்கிறது பெரிய வேலை, முதல் தரம் நான் அதில விழுந்திட்டன். டிசம்பர் நடுப்பகுதியில வைச்சம், சைவ ஆக்கள் நாலு பேர் பிள்ளையார் கதை விரதம். கார்த்திகைப் பௌர்ணமிக்கு அடுத்த நாள் தொடங்கினா 21 நாள், அது முடிய திருவெம்பாவை பத்து நாள், அது திருவாதிரை வரைக்கும் இழுக்கும், கணக்குப் பாத்தா டிசம்பர் முழுக்கப் போகுது. அந்த நாலு பேருக்கும் தனியா சோறு கறி பார்சல் எடுத்துக் குடுத்தம், அவை மூலையில கதிரையில இருந்து சாப்பிட, மற்ற ஆக்கள் சஹனைச் சுத்தி. என்ர பிழைதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை, போயா எண்ட பௌர்ணமி நாள் எண்டா எங்கட சிங்களத் தம்பி சில் எடுப்பான், அது புத்த சமய விரதம், ஞாயிறு சேர்ச், மிஞ்சினது சனி மத்தியானம். டிசம்பர் 26 பற்றி இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்ல, 2004ல அந்த நாளில சுனாமிக்கு ஆக்களைக் குடுத்த வீடு எங்கட ஸ்டாஃபிலயும் இருக்கு, அண்டைக்கு நாங்க ஒபிஸே திறக்கிறேல்ல.

சரியான நாள் கிடைச்சது தற்செயலாத்தான். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சு மூதூர்ப் பக்கம் எங்கட ரெண்டு பேரின்ர வீட்டுக்குள்ள தண்ணி ஏறிப்போச்சு. அந்த டிசம்பர்ல பார்ட்டிக் கதையை ஒருத்தரும் எடுக்கேல்ல, வைச்சிருந்த காசில அந்த ரெண்டு வீட்டுக்கும் மெத்தையும் கேஸ் குக்கரும் வாங்கினம். கவரும் கொப்பித் துண்டும் மட்டும் வழமை போல டிசம்பர் 20க்கு முதல் குடுத்தாச்சு. பிறகு ஜனவரி 10ஆம் திகதி, சனிக்கிழமை, திருவாதிரையும் முடிஞ்சு, பொங்கலுக்கு இன்னும் அஞ்சு நாள் கிடக்கேக்க, சும்மா ஒரு சாப்பாடு போடுவம் எண்டு முதலாளி சொன்னார். ஒரு விரதமும் இல்ல, போயா இல்ல, பிள்ளையள் பள்ளிக்கூடம் தொடங்கின களையோட. 17 பேரும் ஒரே சாப்பாட்டுக்குக் குந்தினது ஆறு வருசத்தில அண்டைக்குத்தான் முதல். இரவு வேலை முடிச்சுப் போய்ப் படுக்கிற வாச்சர் ஐயா கூட நித்திரையை விட்டிட்டு வெள்ளைச் சாரத்தோட வந்திட்டார்.

அதால இந்த வருசமும் கவரும் கொப்பித் துண்டும் நத்தாருக்கு முதல், சாப்பாடு ஜனவரியில. திகதியை இனிப் பஞ்சாங்கத்தைப் பாத்துத்தான் முடிவெடுக்கிறது. சீக்ரெட் சாண்டா, அதுதான் பேர் குலுக்கிப் போட்டு ஒருத்தருக்கு ஒருத்தர் ரகசியமாக் கிஃப்ட் குடுக்கிறது, வேணும் எண்டு ஒபிஸ் பிள்ளையள் திரும்பக் கேக்கினம், நான் மாட்டன் எண்டுட்டன், போன முறை எங்கட பெரிய டிரைவர் அண்ணைக்கு நெயில் பொலிஷ் செட் விழுந்த கதையை அவர் இன்னும் மறக்கேல்ல. குடை இருபதுக்கு விலை கேட்டிருக்கு, நிறம்தான் முடிவாகேல்ல, முதலாளிக்குக் கொம்பனிச் சிவப்பு வேணுமாம், பொடியள் கறுப்புத்தான் எண்டு நிக்கிறாங்கள்.