மைக்ராஸ்கோப் வாங்குபவர்கள் லைட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

இயந்திர பாகங்களில் கீறல், பிசிறு பார்க்க மைக்ராஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான். பல வருஷமாக ஒவ்வொரு ஷிஃப்டிலும் இதைப் பயன்படுத்திய பிறகு நான் சொல்வது: அதைக் கடைசியாகக் கேளுங்கள், முதலில் லைட்டைப் பற்றி விசாரியுங்கள்.

கோவையில் எங்கள் பட்டறையின் முக்கிய வேலை ஹைட்ராலிக் வால்வுக்குள் முன்னும் பின்னும் ஓடி எண்ணெய் வழியைத் திறந்து மூடும் உருளைத் தண்டு, அதாவது ஸ்பூல். கடினப்படுத்திய எஃகில் வெளிவிட்டத்தை கிரைண்டிங் செய்து கொடுக்கிறோம். ஸ்பூலுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே சில மைக்ரான்தான் இடைவெளி. விளிம்பில் ஒரு சின்னப் பிசிறு நின்றாலும் வால்வு சிக்கிக்கொள்ளும். பரப்பின் சொரசொரப்பை அளக்கும் ரஃப்னெஸ் டெஸ்டர் இருக்கிறதே என்று கேட்பார்கள். அதன் ஊசி ஒரு கோட்டில் சில மில்லிமீட்டர் ஓடி ஆர்ஏ என்ற சராசரி சொரசொரப்பு மதிப்பைச் சொல்லும், அவ்வளவுதான். பக்கத்தில் கீறல் இருந்தால் அதற்குத் தெரியாது. கீறலின் மேலேயே ஓடினாலும் சராசரியில் கரைந்துபோகும். ஆகவே கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எங்களிடம் இருப்பது இரண்டு கண்ணாலும் ஆழத்தோடு பார்க்கும் சாதாரண ஸ்டீரியோ ஜூம் வகை, மேலே கேமரா மாட்டும் குழாயுடன். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் 10 மடங்கு, ஜூம் 0.7 முதல் 4.5 வரை. பெருக்கிப் பார்த்தால் 7 முதல் 45 மடங்கு. இதில் 0.5 துணை லென்ஸ் ஒன்றை மாட்டினோம், பிறகு கழற்றவே இல்லை. பெரிதாகத் தெரிவது பாதியாகக் குறையும்தான். ஆனால் ஒரே பார்வையில் தெரியும் பரப்பு இரண்டு மடங்கு அகலமாகிறது, லென்ஸுக்குக் கீழே கை நுழைய இடம் கிடைக்கிறது. இரண்டு கையாலும் ஸ்பூலைப் பிடித்து உருட்டியபடியே பார்க்கலாம். வேலை வேகத்துக்கு இது பெரிய விஷயம்.

இப்போது லைட். கூடவே வந்த எல்இடி வளைய விளக்கு தட்டையான வார்ப்புக்குப் பரவாயில்லை. உருண்டையான, பளபளப்பான கிரைண்டிங் பரப்பில் அது கிட்டத்தட்ட உபயோகமில்லை. நடுவில் கண்ணைக் கூசும் வெள்ளைப் பட்டை, இரண்டு பக்கமும் இருட்டு. தனியாக வளையும் கழுத்துள்ள இரட்டை விளக்கு வாங்கிய பிறகுதான் மைக்ராஸ்கோப் வாங்கியதற்கே அர்த்தம் வந்தது. லைட்டை நன்றாகச் சாய்த்து, பரப்பை உரசிச் செல்வது போல விட வேண்டும். நல்ல பரப்பு மங்கிவிடும், கீறலின் ஓரம் மட்டும் மின்னும்.

திசையும் முக்கியம். கீறலுக்குக் குறுக்கே வரும் வெளிச்சத்தில்தான் கீறல் தெரியும். கிரைண்டிங் கோடுகள் ஸ்பூலைச் சுற்றி ஓடுபவை. லைட்டை ஸ்பூலின் நீளவாக்கில் விட்டால் அந்தக் கோடுகள் எல்லாமே மின்னி, எது கீறல் என்று பிரிக்க முடியாது. பக்கவாட்டிலிருந்து விட்டால் அவை அடங்கிவிடும், நீளவாக்கில் விழுந்த கீறல் மட்டும் எழுந்து நிற்கும். ஆபத்தானதும் அதுதான். வால்வுக்குள் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு எண்ணெய் கசிய நேர்வழி போட்டுக் கொடுப்பது நீளவாக்குக் கீறல். சுற்றுவாக்கில் இருக்கும் மெல்லிய கோடு பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை.

விளிம்புப் பிசிறு பார்க்க வேறு ஏற்பாடு. வளைய விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டினோம். வெளிச்சம் பரவலாகி, கூசல் குறைந்தது. கூசலைத் தடுக்கும் போலரைசர் ஃபில்டரும் போட்டுப் பார்த்தோம். பளபளப்பு அடங்கியது, கூடவே மெல்லிய கீறலும் அடங்கிவிட்டது. அதை எடுத்து அலமாரியில் வைத்தாயிற்று.

மானிட்டரில் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேமரா ஒற்றைக் கண்தான், ஆழம் தெரியாது. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். விளக்கு படத்தின் கீழ்ப்பக்கம் இருந்தால் பள்ளம் மேடாகத் தெரியும், மேடு பள்ளமாகத் தெரியும். எங்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப அவசியம். ஜாப், அதாவது நாங்கள் செய்யும் பாகம், எதிலாவது தட்டுப்பட்டு விழுந்த குழியின் ஓரம் மேலே பிதுங்கியிருக்கும், அது துளையைச் சுரண்டும். பொருளிலேயே இருந்த நுண்துளைக்கு அப்படி ஓரம் இருக்காது. அதனால் விளக்கு எப்போதும் படத்தின் மேல்பக்கம் என்று மேஜையிலேயே குறி போட்டு வைத்திருக்கிறோம். சந்தேகம் வந்தால் ஐபீஸில் இரண்டு கண்ணையும் வைத்துப் பார்த்துத்தான் முடிவு.

"1000 மடங்கு" என்று விளம்பரப்படுத்தும் யுஎஸ்பி மைக்ராஸ்கோப்பும் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணிக்கையில் மானிட்டரின் அளவும் சேர்ந்திருக்கும். லென்ஸ் பிரித்துக் காட்டாத நுணுக்கத்தை எத்தனை பெரிய திரையில் போட்டாலும் மங்கல்தான் பெரிதாகும். கஸ்டமருக்கு போட்டோ அனுப்ப நல்ல சாமான். தினசரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேண்டாம். ஜாபை உருட்டினால் படம் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிறது.

மடங்கு கூடக் கூட ரிஜெக்‌ஷனும் கூடும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போதுமான அளவு ஜூம் செய்தால் எந்த கிரைண்டிங் பரப்பும் உழுத வயல் மாதிரிதான் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் இதற்கு ஒழுங்கான வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஐபிசி-ஏ-610 தரநிலையில் பார்க்க ஒரு மடங்கு, தகராறு தீர்க்க அதைவிடக் கூடுதலான மடங்கு என்று இரண்டு உண்டு. உதாரணமாக 0.25 மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பேடுக்கு (போர்டில் சால்டர் வைக்கும் செம்புத் திட்டு) 20 மடங்கில் பார்க்க வேண்டும். அதில் குறை என்று ஒதுக்கியதை உறுதி செய்ய மட்டுமே 40 மடங்கு. நாங்களும் அதே முறையில் 10 மடங்கில் பார்ப்பது, தகராறு வந்தால் 20 என்று கஸ்டமரிடம் எழுதி வாங்கினோம். கூடவே எதுவரை ஓகே, எதிலிருந்து ரிஜெக்ட் என்று காட்டும் எல்லை சாம்பிள் இரண்டு, இரு பக்கக் கையெழுத்தோடு. அதற்குப் பிறகு சண்டை குறைந்தது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. கூலண்ட் ஆவி லென்ஸில் படியும். பனியன் வேஸ்ட்டால் துடைக்க மட்டும் விடாதீர்கள், அதில் எங்காவது ஒரு இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். லென்ஸ் பேப்பரும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் போதும். மழைக்காலத்தில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு மூடுங்கள், லென்ஸில் பூஞ்சை பிடித்தால் போகவே போகாது. ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவர் கண் இடைவெளியையும், ஒவ்வொரு கண்ணின் பார்வைக்கும் ஃபோகஸை ஈடுகட்டும் டயாப்டரையும் தனக்கேற்பத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் மணிக்கணக்கில் பார்ப்பவர்களுக்குத்தான் தலைவலி வருகிறது.

இதனால் முடியாததும் உண்டு. கீறலின் ஆழத்தைச் சொல்லாது. கிரைண்டிங்கில் சூடேறிப் பதம் இறங்கியிருந்தால் பல நேரம் காட்டாது, அதற்கு நைட்டால் என்ற அமிலக் கரைசலில் நனைத்துப் பார்க்கும் எட்சிங். முடி போன்ற விரிசலுக்கு, காந்தமேற்றி இரும்புத் தூள் விட்டுப் பார்க்கும் மேக்னடிக் பார்ட்டிகிள் சோதனைதான்.

வாங்கப் போகிறவர்கள் டெமோவுக்குத் தங்கள் ஜாபையே கொண்டு போங்கள், ஓகே ஆனது ஒன்று, ரிஜெக்ட் ஆனது ஒன்று. விற்பவர் நாணயத்தையோ சர்க்யூட் போர்டையோ வைத்துக் காட்டுவார். அவை எந்த மைக்ராஸ்கோப்பிலும் அழகாகத்தான் இருக்கும்.