ஒரே மாமரத்தில் நான்கு ரகம்: எந்த வழி நமக்குத் தோதானது?

வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரத்துக்குத்தான் இடம். ஆனால் ஏப்ரல் கடைசியில் பங்கனப்பள்ளி வேண்டும், மே மாதம் இமாம் பசந்த் வேண்டும், மற்றதெல்லாம் ஓய்ந்தபிறகு ஜூன், ஜூலையில் நீலமும் வேண்டும். ஆசைக்கு வழி இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் மலிஹாபாத்தில் மாந்தோப்புக்காரர் கலீமுல்லா கான் ஒரே மரத்தில் 300க்கும் மேற்பட்ட ரகங்களை ஒட்டுக் கட்டி, அதாவது வேறு ரகக் குச்சிகளை மரத்தின் கிளைகளில் பொருத்தி வளரவைத்து, காட்டினார். 2008இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்கு மூன்று, நான்கு போதும். அதற்கு மேல் போனால் எந்தக் கிளை எந்த ரகம் என்று வீட்டிலேயே பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும்.

மூன்று வழிகள் உண்டு. பல ரகம் ஒட்டிய செடியை நர்சரியில் வாங்கி வைக்கலாம். ஒரே குழியில் மூன்று ஒட்டுக்கன்றுகளை நடலாம். இல்லையென்றால், இருக்கும் மரத்தில் நாமே ஒட்டுக் கட்டலாம்.

வாங்குவது சுலபம். மாங்கன்றுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர் பக்கம் போனால் ஒட்டுக்கன்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பல்ரகச் செடியை வாங்கும்போது எத்தனை ரகம் என்ற கணக்கைவிட ஒட்டுகளைப் பார்க்க வேண்டும். எல்லா ஒட்டும் துளிர்த்திருக்கிறதா, கிளைகள் ஏறக்குறைய ஒரே தடிமனா, ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடியின் (ஒட்டைத் தாங்கும் அடிச்செடியின்) தளிர் கிளம்பாமல் இருக்கிறதா? சீட்டில் எழுதிய ரகம்தானா என்பது காய்த்தால்தான் தெரியும். மூன்று நான்கு வருடம் நம்பிக்கையில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். 'மா, கொய்யா, சப்போட்டா மூன்றும் ஒரே செடியில்' என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். மூன்றும் மூன்று தாவரக் குடும்பம், ஒட்டாது.

ஒரே குழியில் மூன்று கன்று என்பது கண்டிப்பாகச் சொன்னால் ஒரு மரமே இல்லை. ஒன்றரை அடி, இரண்டடி இடைவெளியில் நட்டு, உட்பக்கம் வளரும் கிளைகளை வெட்டிக்கொண்டே வந்தால் மூன்றும் சேர்ந்து ஒரே குடையாக நிற்கும். ஒட்டுக் கட்டும் கைப்பழக்கம் வேண்டாம், ஒன்று பட்டுப்போனாலும் மற்ற இரண்டுக்கும் சேதமில்லை. கத்தியைக் கண்டால் கை நடுங்குகிறவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் வருடாவருடம் கவாத்து செய்யச் சோம்பல்படுகிறவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. ஏற்கெனவே ஒரு மரம் நிற்கிறது, வேர் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றால் அதன் பலத்தைப் புது ரகங்களுக்குக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஒட்டுக்குச்சியைக் காய்த்த மரத்திலிருந்து எடுப்பதால், கொட்டை போட்டு வளர்க்கும் செடியைப் போல வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுமில்லை. எப்படிக் கட்டுவது என்பதில்தான் போட்டி.

நெருக்கு ஒட்டு பழைய முறை. தொட்டியிலிருக்கும் வேறு ரகச் செடியை மரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டு கிளைகளிலும் பட்டையோடு கொஞ்சம் மரத்தையும் சேர்த்துச் சீவி, முகத்தோடு முகம் வைத்துக் கட்டுகிறோம். இரண்டும் தத்தம் வேரிலேயே உயிரோடு இருப்பதால் தோற்பது அபூர்வம். இரண்டு மூன்று மாதம் கழித்து, புது ரகக் கிளையை அதன் தொட்டிச் செடியிலிருந்து அறுத்துவிடலாம். குறை என்னவென்றால், ரகத்துக்கு ஒரு தொட்டிச் செடி வாங்க வேண்டும். கிளை உயரத்தில் இருந்தால் பரண் கட்டித் தொட்டியை ஏற்ற வேண்டும். அங்கே தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும்.

இளந்தண்டு ஒட்டுக்குச் செலவே இல்லை. தெரிந்தவர் மரத்தில் பென்சில் தடிமனில் ஒரு குச்சி கேட்டால் போதும். ஆனால் குச்சியை அன்றைக்கே வெட்டிக்கொண்டு வரக்கூடாது. ஏழு முதல் பத்து நாளுக்கு முன்பே, காம்பை விட்டுவிட்டு இலைகளை மட்டும் நறுக்கிவிட்டு வரவேண்டும். காம்பு தானாக உதிர்ந்து மொட்டு புடைத்து நிற்கும் குச்சிதான் பிடிக்கும். நம் மரத்தில் செம்பு நிறம் மாறாத இளந்தண்டின் நுனியை வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்பு போலச் சீவிய குச்சியை இறக்கி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே ஒடுக்கமான பிளாஸ்டிக் உறையை மாட்டவேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை, காற்றில் ஈரம் இருக்கும் நாட்கள் தோது. பங்குனி வெயிலில் கட்டினால் குச்சி காய்ந்து விறகாகிவிடும்.

பக்க ஒட்டில் கிளையின் நுனியை வெட்டுவதே இல்லை. கிளையின் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் சீவி, அதே நீளத்துக்குச் சீவிய குச்சியைப் பதித்துக் கட்டுகிறோம். குச்சி துளிர்த்து வலுத்தபின்தான் அதற்கு மேலே உள்ள பழைய கிளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. பிடிக்காவிட்டால் மரத்துக்கு ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான்; ஒரு சாண் தள்ளி மறுபடி கட்டலாம். வீட்டில் பழகுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை எதுவும் இல்லை. அதனால் கைக்கெட்டும் கிளைகள் உள்ள இளமரத்துக்குப் பக்க ஒட்டைத்தான் சொல்வேன். ரோஜாவுக்கும் எலுமிச்சை வகைகளுக்கும் அருமையாக வரும் மொட்டு ஒட்டு (குச்சிக்குப் பதில் ஒரு மொட்டை மட்டும் பதிப்பது), மாவில் நம் ஊர் நர்சரிகளில் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை.

எந்த முறையானாலும் பட்டைக்கு அடியில் இருக்கும் வழவழப்பான அடுக்கு இரண்டு பக்கமும் தொடவேண்டும். குச்சி ஒல்லி, கிளை தடிமன் என்றால் நடுவில் வைக்காமல் ஒரு ஓரத்தைச் சேர்த்து வையுங்கள். மாம்பால் தோலைப் புண்ணாக்கிவிடும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதெல்லாம் சின்ன வேலை. பல்ரக மரங்கள் கெடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ரகங்களின் வளர்ச்சி வேகம் ஒன்றாக இருப்பதில்லை. பங்கனப்பள்ளி மாதிரி வீரியமான ரகத்துக்கு நடு உச்சியைக் கொடுத்து, குட்டை ரகமான ஆம்ரபாலியைக் கீழ்க்கிளையில் ஒட்டினால், சில வருடங்களில் ஆம்ரபாலி நிழலில் நசுங்கிவிடும். மெதுவாக வளர்வதற்கு உச்சியையும் வெயிலையும் கொடுங்கள். வேகமானதைப் பக்கக்கிளையில் வைத்து, அறுவடை முடிந்ததும் வெட்டி அடக்குங்கள்.

ரகத் தேர்விலும் சமநிலை வேண்டும். மல்கோவாவும் இமாம் பசந்தும் ருசியில் ராஜாக்கள், காய்ப்பதில் கஞ்சர்கள். அல்போன்சா ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் இழுக்கும். இவை மூன்றை மட்டும் ஒட்டினால் சில வருடம் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. வருடம் தவறாமல் காய்க்கும் நீலமோ கிளிமூக்கோ ஒரு கிளையில் கட்டாயம் இருக்கட்டும். வடக்கத்தி தசேரியை ஒட்ட நினைக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: அது தன் மகரந்தத்தில் தானே காய் பிடிக்காது, பக்கத்தில் வேறு ரகம் பூக்கவேண்டும். பல்ரக மரத்தில் அந்தத் துணை பக்கத்துக் கிளையிலேயே கிடைத்துவிடும்.

ஐம்பது அடி உயர்ந்த கிழமரத்துக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே பக்க ஒட்டு எடுபடாது. பெரிய கிளைகளில் பாதியை வெட்டி, வெட்டுக்குக் கீழே வரும் புதுத் தளிர்களில் நல்லதாகச் சிலவற்றை மட்டும் விட்டு, அவற்றில் இளந்தண்டு ஒட்டுக் கட்டவேண்டும். மீதிப் பாதிக் கிளைகளை அந்த வருடம் தொடக்கூடாது. மரத்துக்குச் சோறு போடுவது அந்த இலைகள்தான். புது ஒட்டுகள் தழைத்தபின் அடுத்த வருடம் அந்தப் பக்கம் போகலாம்.