ஜிண்டால் டிரில்லிங்கா, கிரேட் ஈஸ்டர்னா: ரிக் வாடகைக் காசு எங்கே போகிறது?

குத்தாலம், நரிமணம் பக்கத்து ஆட்களுக்கு எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் புதுசு இல்லை. ஆனால் கடலில் நிற்கும் ரிக்கை வாடகைக்கு விடும் கம்பெனியின் பங்கை வாங்குவது வேறு கதை. குத்தகைப் பணத்தில் கொஞ்சத்தை இந்தத் துறையில் போட நினைத்தபோது ஜிண்டால் டிரில்லிங், கிரேட் ஈஸ்டர்ன் ஷிப்பிங் இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். வாங்கியது கிரேட் ஈஸ்டர்னை.

"டெல்டாவில் இருந்துகொண்டு எண்ணெய்ப் பங்கா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டெல்டாவில் புது எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்க 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் இந்த ரிக்குகளுக்குப் பெரும்பாலும் வேலை மும்பைக் கடலில், நம் வயலில் இல்லை.

இந்த ரிக்குகளை வாடகைக்கு எடுக்கும் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி பங்கையே வாங்கலாமே என்றால், ஈவுத்தொகை உண்டு, சரி. ஆனால் காசை எதில் போடுவது என்பதில் அரசின் கை ஓங்கியிருக்கும். 2018-இல் எச்பிசிஎல் என்ற இன்னொரு எண்ணெய் நிறுவனத்தில் அரசு வைத்திருந்த பங்குகளை 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியதே போதும், நான் ஒதுங்கிக்கொள்ள.

ரிக் தொழிலில் லாபம் வருகிறதா என்பதை விட, லாபம் கொட்டும் வருடத்தில் அந்தக் காசை என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். நம் ஊர் அறுவடை மெஷின் தொழில் மாதிரிதான் இது. மணி வாடகை உச்சத்தில் இருக்கும் சம்பா பட்டத்தில் கடன் வாங்கி இரண்டாவது வண்டி எடுத்தவர், அடுத்த வருடம் வாடகை இறங்கினால் தவணைக்குத் திண்டாடுவார்.

சென்னையின் ரிக் கம்பெனி அபான் ஆஃப்ஷோர் இதைத்தான் பெரிய அளவில் செய்தது. 2006 வாக்கில், எண்ணெய் ஏறுமுகமாக இருந்தபோது, நார்வேயின் சின்வெஸ்ட் என்ற ரிக் கம்பெனியைக் கடன் வாங்கிப் பிடித்தது. 2010 மே மாதம் வெனிசுவேலாக் கடலில் அதன் அபான் பேர்ல் ரிக் மூழ்கியது. ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள். 2014 நடுவில் பீப்பாய் 110 டாலரைத் தாண்டியிருந்த, உலக விலைக்கு அளவுகோலான பிரெண்ட் எண்ணெய், 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே வந்தது. வாடகை படுத்தது, கடன் அப்படியே நின்றது.

கிரேட் ஈஸ்டர்னிடம் எனக்குப் பிடித்தது அதன் கஞ்சத்தனம். கப்பல் விலை ஏறினால் பழையதை விற்றுவிட்டுக் காசோடு உட்கார்ந்திருப்பார்கள். "இவ்வளவு ரொக்கத்தை ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள்?" என்று முதலீட்டாளர்கள் கேட்டாலும் அசைவதில்லை. கப்பலும் ரிக்கும் இன்று விற்றால் என்ன பெறும் என்று கணக்கிட்டு, ஒரு பங்குக்கு எவ்வளவு என்பதைக் காலாண்டுதோறும் சொல்கிறார்கள். நிலத்தின் விலை தெரிந்தால்தான் குத்தகை கட்டுபடியாகிறதா என்று பார்க்க முடியும், இல்லையா? ஈவுத்தொகையும் வருகிறது, பங்கு மலிவாகக் கிடைத்தபோது தானே திரும்ப வாங்கவும் செய்திருக்கிறது.

குறையும் உண்டு. இது முதலில் கப்பல் கம்பெனி. கிரேட்ஷிப் என்ற துணை நிறுவனத்தில் இருப்பவை கடலடியில் காலூன்றி நிற்கும் நாலே நாலு ஜாக்-அப் ரிக்குகள். ரிக் வாடகை எகிறினால் கிடைக்கும் முழு ருசி இதில் கிடைக்காது.

அந்த ருசி வேண்டுமென்றால் ஜிண்டால்தான். அந்தப் பங்கை நான் வைத்திருந்ததில்லை, ஆண்டறிக்கை படித்த அளவில் சொல்கிறேன். ஈவுத்தொகை பெயருக்குத்தான், காசு ரிக் வாங்கத்தான் போகிறது. அதிலும் தன் கூட்டு நிறுவனத்திடம் இருந்த ஜிண்டால் பயனியர் ரிக்கையே வாங்கியது. ஓஎன்ஜிசி ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வருடம். அது முடிந்தால் புது டெண்டர், புது வாடகை. இடையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் கிளாஸ் சர்வே என்ற தகுதிச் சோதனைக்கு ரிக்கை நிறுத்தினால் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் ஓடும். சில ரிக்குகளை மட்டுமே நம்பியிருக்கும் கம்பெனிக்கு அதில் ஒன்று சும்மா நின்றாலே அடி பலமாக விழும். மூன்று வருட வாடகை கையில் உறுதியாக இருக்கும்போது வாங்கி, டெண்டருக்கு முன் விற்கத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல பங்காக இருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை, வேகமும் இல்லை.

கிரேட் ஈஸ்டர்ன் அறிவிக்கும் அந்தச் சொத்து மதிப்புக்குக் கீழே பங்கு கிடைக்கும்போது மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். வாடகை உச்சத்தில் இருக்கும்போது கடன் வாங்கிப் புது ரிக் எடுக்கிறோம் என்று என்றைக்கு அறிவிக்கிறார்களோ, அன்றைக்கு விற்றுவிடுவேன்.